கடிவாள வார்

ப்ரூக்ளினின் டோரன் தெருவில் மதியம் ஆனதற்கு அடையாளம் டீலியா ஹன்ராட்டிதான். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கையில் தூக்குவாளியோடு படியிறங்கி வருவாள். அவளைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தில் உருளைக்கிழங்கை அடுப்பிலிருந்து இறக்குவார்கள். அவள் புருஷன் மாலக்கி பதினான்கு வருடமாகக் குதிரை டிராம் ஓட்டினான். பன்னிரண்டு மணிக்கு அவன் வண்டி ரொட்டிக் கடை முனைக்கு வரும். நிற்காது. குதிரைகளை ஒரு நடைக்கு இழுத்துப் பிடிப்பான். டீலியா பத்தடி கூடவே நடந்து வாளியை நீட்டுவாள். அவன் குனிந்து வாங்கிக்கொண்டு, "இன்னிக்கும் முட்டைக்கோசுதானா?" என்பான். "இல்ல, மேயர் வீட்டு விருந்து" என்பாள் இவள். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பகலில் உள்ள பேச்சு அவ்வளவுதான். அதுவே இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

அந்த வருடம் ஜூலையில் தெருவுக்கு மேலே மின்சாரக் கம்பி வந்தது. கம்பி வந்ததும் குதிரை போயிற்று. லாயத்தில் இருந்த அத்தனையையும் கம்பெனி ஒரே நாளில் ஏலம் போட்டது. அதற்காக டோரன் தெருவில் யாரும் கண்ணீர் விடவில்லை, இல்லாததைச் சொல்லக்கூடாது. மூத்திர நாற்றமும் ஈயும் ஒழிந்ததென்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். முதல் மின்சார டிராம் வந்த அன்று கொடி கட்டினார்கள், பேண்டு வாசித்தார்கள், பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ஐந்து சென்ட் கொடுத்தால் முக்கால் மணியில் கடற்கரை. ப்ரூக்ளினிலேயே பிறந்து கடலில் கால் நனைக்காத பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தக் கோடையில்தான் நனைத்தார்கள். ஹன்ராட்டிகளுக்கு மேல் மாடியில் குடியிருந்த நோனி ஸ்கல்லி, மகள் மேமியைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்து, ஒரு வாரம் அதையே பேசிக் காதைப் புளிக்கவைத்தாள். ஆலைக்குப் போகிற பெண்கள் இருட்டுவதற்குள் வீடு வந்தார்கள். வாங்க வக்கில்லாதவர்களும் பெரிய கடைகளின் கண்ணாடி ஜன்னலையாவது பார்த்துவிட்டு வந்தார்கள்.

குதிரை ஓட்டியவர்களில் கண் நன்றாகத் தெரிந்தவர்களைக் கம்பெனி வைத்துக்கொண்டது. மாலக்கிக்குப் புதுத் தொப்பி கிடைத்தது. நெற்றியில் பித்தளை எண். நாலு நாள் பயிற்சி. இடது கையில் ஒரு பித்தளைப் பிடி, திருப்பினால் வண்டி ஓடும். வலது கையில் பிரேக்குச் சக்கரம், சுற்றினால் நிற்கும். காலுக்கு அடியில் மணி. கற்றுக்கொள்ள நாலு நாளே அதிகம் என்று மேலாள் சொன்னார். பழையதை மறக்க எத்தனை நாள் ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

தெரு என்பது அதுவரை பிள்ளைகளுடையதாக இருந்தது. இரண்டு அறையில் ஏழெட்டுப் பேர் கிடக்கிற வீடுகளில் பிள்ளை வேறெங்கே விளையாடும்? தண்டவாளத்துக்கு நடுவே உட்கார்ந்து கோலி ஆடும். குதிரையின் கழுத்து மணி இரண்டு தெருவுக்கு முன்பே கேட்கும். கேட்காவிட்டாலும் பயமில்லை. குதிரை பிள்ளையை மிதிக்காது. நின்று மூச்சுவிடும், டிரைவர் நாலு கெட்ட வார்த்தை சொல்வான், பிள்ளை எழுந்து போகும். மாலக்கியின் குதிரைகள் ஒரு முறை இந்த மேமிக்கு முன்னால் அப்படி நின்றிருக்கின்றன. அவள் எழுந்து போகாமல் குதிரையின் முழங்காலைக் கட்டிக்கொள்ள, மாலக்கி இறங்கி வந்து தூக்கும்படி ஆயிற்று.

இப்போது வருவது மூச்சுவிடுகிற பிராணி இல்லை என்று பெரியவர்களுக்கே மூன்று வாரத்தில் உறைக்கவில்லை.

ஆகஸ்டில் மூன்றாவது வியாழக்கிழமை. தெருவில் பாவியிருந்த கல் கொதித்தது. டீலியா வாளியோடு முனையில் நின்றாள். உள்ளே உருளைக்கிழங்கு, ஒரு துண்டு பன்றிக்கறி. மேல் தட்டில் தேநீர். மேமி தண்டவாளத்தருகே குந்தியிருந்தாள். ஐந்து வயது. ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய டீலியாதான் அவளுக்கு ஞானத்தாய். டீலியாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. அதனால் மேமி பாதி நேரம் இவள் வீட்டில்தான் இருப்பாள். வீட்டில் இருந்தபடியே சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிற டீலியா, தினமும் அவளுக்கு இரண்டு குண்டூசி கொடுப்பாள். அவற்றைக் குறுக்காகத் தண்டவாளத்தின்மேல் வைத்தால் டிராம் ஏறி நசுக்கிக் குட்டிக் கத்தரிக்கோலாக்கிவிடும். அந்தக் கோடையில் தெருப் பிள்ளைகள் எல்லோர் பையிலும் அப்படி நாலைந்து கத்தரிக்கோல் இருந்தது.

"மேமி, வண்டி வருது. எழுந்து வா."

மேமி எழுந்து வந்துவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. வந்தவள் திரும்பிப் பார்த்தாள்; ஒரு ஊசி உருண்டு விழுந்திருந்தது. அதை எடுத்து வைக்கத் திரும்ப ஓடினாள்.

வண்டி முப்பதடி தூரத்தில் இருந்தது. டீலியா கத்தினாள். முன்மேடையில் நின்ற மாலக்கி பார்த்துவிட்டான். பார்த்ததும் அவனுடைய இரண்டு கைகளும் பிடியையும் சக்கரத்தையும் விட்டுவிட்டு மேலே எழுந்தன. எதையோ இறுகப் பற்றி நெஞ்சுக்கு இழுத்தன. உடம்பு முழுவதும் பின்னால் சாய்ந்தது. "வோ! வோ! வோ!" என்று குதிரையை நிறுத்துகிற குரலில் தொண்டை கிழியக் கத்தினான்.

அங்கே குதிரை இல்லை. வாரும் இல்லை. வண்டி அதன்பாட்டுக்கு ஓடியது.

*

கண்டக்டர் எமில் பின்மேடையில் இருந்தான். வண்டிக்குள் இருந்தவர்கள் பத்திரிகை படித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் உள்ளே அடுப்பருகே இருந்தார். மாலக்கியின் கைகளைப் பார்த்தது டீலியா ஒருத்திதான்.

போலீஸ்காரன் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனான். அவன் கூட்டிக்கொண்டு போனதால்தான் மாலக்கி தெருவார் கையில் அகப்படாமல் தப்பித்தான். பிள்ளையை ரொட்டிக் கடைக்காரரின் மாவுச் சாக்கில் சுற்றி, அவள் அப்பன் பார்ட்லி ஸ்கல்லி தூக்கிக்கொண்டு படியேறினான். கப்பல்துறையில் இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்குகிற ஆள். அன்று ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினான்.

குளிப்பாட்ட வேண்டியது ஞானத்தாய். டீலியா குளிப்பாட்டினாள். நோனி பக்கத்தில் உட்கார்ந்து துணியை நனைத்து நனைத்துக் கொடுத்தாள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி நோனி அழுதாள். டீலியாவுக்கு அழுகை வரவில்லை. அந்தப் பிள்ளையின் கவுன் பையிலிருந்து ஆறு குட்டிக் கத்தரிக்கோல் வந்தது. அதைத் தன் மடியில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு, செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு மாலக்கியை அனுப்பிவிட்டார்கள். தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தான். சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்தான். மேலே மாடியில் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், மேமியின் சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்கள்.

"முதல்ல சாப்பிடு" என்றாள் டீலியா.

"டீலியா, என் கை…"

"பாத்தேன்."

அவன் தலை நிமிர்ந்தது. "பாத்தியா?"

"எதிர்லதானே நின்னேன்."

அவன் கைகள் இரண்டும் மேசைமேல் கிடந்தன, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. அவற்றைப் பார்த்தபடியே பேசினான்.

"நாளைக்கு நூறு தரம் அந்தச் சக்கரத்தைச் சுத்தறேன். மூணு வாரமா ஒரு தரம் தப்பல. நேத்து மட்டும்… நான் பண்ணல டீலியா. கை பண்ணிச்சு. நான் நினைக்கறதுக்கு முன்னாடி கை பண்ணிடுச்சு. வாய் வேற வோ வோங்குது. யாரைப் பாத்து வோங்கறேன்? இரும்பைப் பாத்தா?"

"சுத்தியிருந்தாலும் நின்னிருக்காது. முப்பதடிதான் இருந்துச்சு."

"நின்னிருக்கலாம்."

"நிக்காது."

"பாதியாவது குறைஞ்சிருக்கும். அவ ஒதுங்கியிருப்பா. நான் நோனிகிட்ட சொல்லணும்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு, நோனிகிட்ட மட்டும் சொல்லாதே. அவளுக்கு இனிமே என்ன இருக்கு? ஆண்டவன் எடுத்துக்கிட்டான்னு நினைச்சாவது உயிரை வெச்சிருப்பா. நீ போய், அப்படியில்ல, என் கை எடுத்துக்கிச்சுன்னு சொல்லப் போறியா?"

அவன் சாப்பிடவில்லை. இவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதற்குள் இன்னொன்றும் இருந்தது: சொன்னால் சிறை. அதை இருவருமே வாயால் சொல்லவில்லை.

மதியத்துக்கு முன்பு டிராம் தொழிலாளர் சங்கத்து ஆள் டூலன் வந்தான். ஒல்லியான ஆள், கர்த்தரே வந்தாலும் சகோதரரே என்றுதான் கூப்பிடுவான்.

"சகோதரரே, இந்தக் கோடையில இது ஒம்பதாவது சாவு. ஒம்பது! எல்லாம் இந்தக் கம்பெனியோட நேர அட்டவணையால. குதிரைக்கு ஒரு மணி நேரம் குடுத்தாங்க, நமக்கு இருபத்தஞ்சு நிமிஷம் குடுக்கறாங்க. செவ்வாய்க்கிழமை நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். சக்கரத்தைச் சுத்தினேன், பிரேக் பிடிக்கல. அவ்வளவுதான். எல்லா வண்டிக்கும் புது பிரேக் போட வெச்சிடலாம்."

"நான் சுத்தல" என்றான் மாலக்கி.

டூலன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். பிறகு டீலியா பக்கம் திரும்பினான். "சகோதரர் தூங்கவே இல்லபோல."

"நான் சுத்தலன்னு சொல்றேன்."

"நான் அதைக் கேக்கல சகோதரரே. நீங்க சுத்தலன்னா அந்தப் பிள்ளை வீணாச் செத்ததாயிடும். சுத்தினீங்கன்னா அடுத்த பிள்ளை பிழைக்கும். யோசிச்சுப் பாருங்க." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் கெட்டவன் இல்லை. அன்று வந்தவர்களில் கெட்டவர்கள் யாரும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டு மணிக்குக் கம்பெனி ஆள் வந்தார். வைக்கோல் தொப்பி, வெள்ளைக் கைக்குட்டை. உட்கார நாற்காலியைத் துடைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் ஹன்ராட்டி, உங்க மேல எங்களுக்கு முழு நம்பிக்கை. பதினாலு வருஷ சர்வீஸ். பிரேக்கை நேத்து சாயங்காலமே பாத்துட்டோம், நல்லா இருக்கு. நீங்க சுத்தினீங்க. குழந்தை திடீர்னு குறுக்க ஓடி வந்துடுச்சு. எந்த மனுஷனாலயும் நிறுத்த முடியாது. இதுதானே நடந்தது?"

"இவர் சுத்தினாருங்க" என்றாள் டீலியா. "நான் பாத்தேன்."

முதல் தடவை அப்போதுதான் சொன்னாள். நாக்கு சுலபமாகப் புரண்டது. மாலக்கி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடிக்கிற கம்பெனியும் அணைக்கிற சங்கமும் ஒரே வார்த்தையைக் கேட்கிறபோது உண்மைக்கு அந்தச் சமையலறையில் உட்கார நாற்காலி இல்லாமல் போயிற்று.

*

குடியிருக்கிற கட்டடத்திலேயே துஷ்டி நடக்கும்போது போகாமல் இருக்க முடியாது. போகவும் முடியாது. மாலை ஆறு மணிவரை இருவரும் அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே ஜெபமாலை சொல்கிற குரல்கள் இறங்கி வந்தன. பிறகு படியில் செருப்புச் சத்தம். கதவைத் தட்டாமல் நோனி உள்ளே வந்தாள்.

கறுப்புச் சால்வை யாருடையதோ. தோளில் நிற்காமல் வழிந்தது. டீலியாவும் அவளும் ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில், ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு வந்தவர்கள். ஒரு குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரு கொடியில் துணி காயப்போடுகிறவர்கள்.

"எழுந்து மேல வா மாலக்கி" என்றாள் நோனி. "எல்லாரும் கேக்கறாங்க. நீ வராம இருந்தா உன் மேல தப்புன்னு ஆயிடும்."

அவன் எழுந்து நின்றான்.

"பார்ட்லி ஒண்ணும் சொல்லமாட்டான். நான் பேசிட்டேன். மேமிக்கு உன்னைப் பிடிக்கும். உன் குதிரை பேரைத்தான் அவ முதல்ல சொல்லக் கத்துக்கிட்டா, அப்புறம்தான் அப்பன் பேரு." நோனி சிரிப்பது போல ஏதோ செய்தாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அது தெரிஞ்சாப் போதும், அப்புறம் உன்னை எதுவும் கேக்கமாட்டேன். நீ நிறுத்தப் பாத்தியா? அந்தச் சக்கரத்தைச் சுத்தினியா?"

மாலக்கி அவளை நேராகப் பார்த்தான். "நோனி," என்றான், "நான்…"

"சுத்தினாரு" என்றாள் டீலியா. "உயிர் போற மாதிரி சுத்தினாரு. நான் எதிர்ல நின்னு பாத்தேன் நோனி. மாதா மேல ஆணை."

சமையலறையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஸ்கல்லி வீட்டில் சாவு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

நோனியின் தோள் இறங்கியது. "அது போதும்" என்றாள். "அது போதும் எனக்கு." திரும்பப் போனவள் வாசலில் நின்றாள். "அப்போ ஏதாவது குதிரை வண்டி வந்துச்சா டீலியா? யாரோ வோ, வோன்னாங்களே. எனக்கு ஜன்னல் வழியாக் கேட்டுச்சு."

"ஐஸ்காரன் வண்டி" என்றாள் டீலியா.

மேலே போனார்கள். ஜன்னலடியில் பலகைமேல் மேமி கிடந்தாள். வளர்ந்தபின் கோயிலில் வாங்கப்போகும் முதல் நன்மைக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைத் துணியை இப்போதே தைத்துப் போட்டிருந்தார்கள். பலகைக்கு அடியில் தகரத் தொட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். தட்டில் புகையிலையும் அதைப் புகைக்கக் களிமண் சுங்கான்களும் வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை. கிழவர்கள் செத்தால் கதை பேசிச் சிரிக்கிற கூட்டம்தான் அது. பிள்ளைக்கு என்ன கதை சொல்வது?

மாலக்கி முழங்காலிட்டான். அறையில் இருந்த எல்லோரும் அவன் முதுகையே பார்த்தார்கள். எழுந்தபோது பார்ட்லி ஸ்கல்லி எதிரில் நின்றான். அடிப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் கையை நீட்டினான். மாலக்கி தன் வலது கையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான். அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

*

செவ்வாய்க்கிழமை டீலியா வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொன்னாள். மூன்றாவது தடவை. விபத்து என்று தீர்ப்பாயிற்று. யார் மேலும் குற்றம் இல்லை. டூலனுக்குப் பிரேக் கிடைக்கவில்லை. வண்டிக்கு முன்னால் ஒரு வலை கட்டுவதைப் பரிசீலிப்பதாகக் கம்பெனி சொன்னது. வியாழக்கிழமையிலிருந்து மாலக்கி திரும்ப வேலைக்குப் போனான்.

போகாதே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "கப்பல்துறையில சேந்துக்க. கரி அள்ளு."

"எதுக்கு? நான்தான் சுத்தினேனே" என்றான்.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். காலையில் ரொட்டியும் வெங்காயமும் தானே கட்டிக்கொண்டான். "வாளி வேண்டாம், நேரம் பத்தல" என்றான். ஏலத்தன்று லாயத்துக் குப்பையில் கிடந்ததென்று, இடுப்புக்கு ஆகும் என்று எடுத்துவந்த பழைய கடிவாள வார் ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒரு சாயங்காலம் அதை இழுத்துப்போட்டுக் கத்தியால் முழ நீளத்தில் இரண்டு துண்டுகளாக அறுத்தான். எதற்கென்று அவள் கேட்டாள். காது கேட்காதவன் போல அறுத்துக்கொண்டிருந்தான்.

டீலியாவுக்கு அந்த நாட்களில் வீட்டுக்குள் இருப்பதைவிடப் படிக்கட்டில் ஏறுவது பயமாக இருந்தது. நோனி அவ்வளவு அன்பாக இருந்தாள். குழாயடியில் இவளுக்கு முதலில் வழி விட்டாள். ஒரு நாள் தெருப் பையன்கள் மாலக்கியின் வண்டிமேல் சேற்றை வீசினார்கள், கொலைகாரன் என்று கத்தினார்கள். மூன்றாவது மாடியிலிருந்து நோனி விழுந்தடித்து இறங்கி ஓடினாள். "போங்கடா எச்சிக்கலை நாய்ங்களா! அந்த மனுஷன் என் பிள்ளைக்காகக் கை ஒடியச் சக்கரத்தைச் சுத்தினவன்டா! அவன் பெண்டாட்டி கண்ணால பாத்திருக்கா!" டீலியா இரண்டாவது மாடி நடையில் துணி வாளியோடு நின்று இதைக் கேட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் முடிந்திருந்த கத்தரிக்கோல்களைக் கை வலிக்கும்வரை இறுக்கிப் பிடித்திருந்தாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? பாதிரியார் மன்னிப்பார்; நோனிகிட்ட போய்ச் சொல்லு என்பார்.

அதற்கடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை, மாலக்கி ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் மறந்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாளாக அவன் எதையும் வயிறாரத் தின்னவில்லை. டீலியா உருளைக்கிழங்கு அவித்தாள், முட்டைக்கோசை வெண்ணெயில் புரட்டினாள், வாளியில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் முன்னதாகவே இறங்கினாள். முனையில் ரொட்டி வாங்கிக்கொண்டு நோனி நின்றாள்.

"நல்லவேளை, கொண்டுவந்தே" என்றாள் நோனி. "ஆளு காத்தடிச்சா விழுந்துடுவான் போல இருக்கான். வண்டி போறப்போ தினம் பாக்கறேன். கையசைச்சாக்கூடத் திரும்பமாட்டேங்கறான்."

தெருவில் ஒரு பிள்ளை இல்லை. படிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கால் தரையில் பட்டால் மேலேயிருந்து ஒரு அம்மா கத்தினாள்.

வண்டி வந்தது. யாரோ இறங்க வேண்டியிருந்தது. எமில் மணியை இழுத்தான். அவர்கள் இருவருக்கும் நேரெதிரே நின்றது.

"மாலக்கி, இந்தா" என்று டீலியா வாளியை நீட்டினாள்.

அவன் திரும்பவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டீலியா ஒரு அடி முன்னால் வைத்து, வாளியை அவன் இடுப்புக்கு நேராகத் தூக்கினாள். அப்போதுதான் பார்த்தாள். இடது மணிக்கட்டைப் பித்தளைப் பிடியோடும், வலது மணிக்கட்டைப் பிரேக்குச் சக்கரத்தின் கைப்பிடியோடும் சேர்த்துத் தோல் வாரால் கட்டியிருந்தது. வார் உரசி இரண்டு மணிக்கட்டிலும் தோல் வழன்றிருந்தது.

எமில் பின்னாலிருந்து ஓடிவந்தான். பெரிய மீசை வைத்த ஜெர்மன்காரன், முகத்தில் சங்கடம். "என்கிட்ட குடுங்கம்மா. அவரால கையை எடுக்க முடியாது. காலைல நான்தான் கட்டிவிடறேன், கடைசி ஸ்டாப்புல நான்தான் அவுத்துவிடறேன். இல்லன்னா வண்டிய எடுக்கமாட்டேங்கறாரு. ஏன்னு கேட்டா, கையை நம்ப முடியாதுங்கறாரு. மேலாளுக்குத் தெரிஞ்சா எனக்கும் வேலை போயிடும். நீங்களாவது சொல்லுங்க."

டீலியா வாளியைக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்பது தோன்றவில்லை. மணி அடித்தது. வண்டி போயிற்று.

"அது குதிரை வார்தானே?" என்றாள் நோனி.

"வெயில்ல கை வழுக்குதாம். பிடி சூடாயிடுதாம், அதுக்கு…"

நோனி அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"நான் அன்னிக்கு ஜன்னல்கிட்டதான் உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன். நீ கத்தினது கேட்டுச்சு. எழுந்தேன். அதுக்குள்ள வோ வோன்னு சத்தம் வந்துச்சு. குதிரைதானே, குதிரை மிதிக்காதுன்னு மறுபடி உக்காந்துட்டேன்." ரொட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "ஐஸ்காரன் வண்டின்னு சொன்னே."

"நோனி…"

"வியாழக்கிழமை ஐஸ்காரன் வரமாட்டான் டீலியா. இன்னிக்கும் வியாழக்கிழமைதான், எங்க அவன்? பிள்ளையைக் கிடத்த ஐஸ் இல்லாம பார்ட்லி ஏழு தெரு நடந்து தோள்ல தூக்கிட்டு வந்தான். சட்டையெல்லாம் நனைஞ்சு வந்தான். நான்தான் பிழிஞ்சு போட்டேன். நானே பிழிஞ்சுட்டு, நானே யோசிக்காம இருந்திருக்கேன்."

டீலியா வாயைத் திறந்தாள். நாலாவது தடவைக்கு அந்தப் பொய் வரவில்லை.

நோனி ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். விரல்களை மடக்கிக் காற்றைப் பிடித்தாள். மெதுவாக, மிக மெதுவாக நெஞ்சுவரை இழுத்தாள்.

"இப்படியா?" என்றாள்.

டீலியா தலையைக் குனிந்துகொண்டாள்.

நோனி அந்தக் கைகளைக் கீழே இறக்க மறந்தவள் போலச் சற்று நேரம் நின்றாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பினாள். தண்டவாளத்தைத் தாண்டுவதற்கு முன்னால் நின்று, இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகுதான் தாண்டினாள். இப்போதெல்லாம் டோரன் தெருவில் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்.